நான்கு இரவுக்கு ஊர் வருகிறவனுக்கு

தெஸலோனிகி,
ஆகஸ்ட் 19.

அன்புள்ள இயோர்தானிஸுக்கு,

அனெஸ்திஸ் எழுதுவது. இங்கே நான் நலம், முழங்காலைத் தவிர. நீயும் உன் மனைவி ஸ்தமாத்தியாவும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாற்பத்தொரு வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோனேன். பிரித்துப் படித்தால், செப்டம்பரில் மெல்போர்னிலிருந்து நான்கு இரவு வருகிறீர்களாம். கடற்கரைச் சாலையில் ஓட்டல் அறையும் பதிவு செய்தாயிற்றாம். ராத்திரியில் எங்கே போனால் பத்திரம், எங்கே பர்ஸைப் பிடுங்காமல் சோறு போடுவார்கள், பாட்டு எங்கே நன்றாயிருக்கும் என்று விவரம் வேண்டுமாம். முப்பத்தொரு வருடம் ராத்திரி டாக்ஸி ஓட்டியவனைவிட இதெல்லாம் வேறு யாருக்குத் தெரியும் என்று ஐஸ் வேறு வைத்திருக்கிறாய்.

என் மகள் தெஸ்பினாவிடம் காட்டினேன். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, இவர் உங்கள் சிநேகிதரா, இல்லை சுற்றுலா அலுவலகத்துக்குப் போக வேண்டிய கடிதம் வழி தவறி இங்கே வந்துவிட்டதா என்று கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் மனசு கொஞ்சம் சுருங்கியது, மறைக்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊருக்கு நீ வழி கேட்டு எழுதியிருக்கிறாய். என்னைப் பார்க்க வருவாயா மாட்டாயா என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். அதைக் கேட்கும் முன் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

ஏழு மணிக்கே பசிக்கிறது என்று போய் உட்காராதே. அந்த நேரத்தில் மேசையில் நீ இருப்பாய், காலடியில் பூனை இருக்கும். வெளியூர்க்காரன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டது போலாகிவிடும். மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பு. முதல் ராத்திரி பித்பஜாருக்குப் போங்கள். நாம் கால் உடைந்த நாற்காலி வாங்கிய அதே முற்றம்தான். பகலில் இன்னமும் பழைய சாமான் விற்கிறார்கள், இருட்டினால் வாசலெல்லாம் மேசை போட்டுவிடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கூடுகிற இடம், அதனால் விலை கையைக் கடிக்காது. பாட்டில் மது கேட்காதே, வீட்டு மது அரைக் கிலோ என்று பழையபடி எடைக்கணக்கில் கேள். பொரித்த நெத்திலி, சுட்ட மிளகாய், கத்தரிக்காய் மசியல் என்று சின்னத் தட்டாக நான்கைந்து வாங்கி நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் சும்மா தருவார்கள். ரொட்டிக்குக் காசு போடுவார்கள், அதற்காகச் சண்டைக்குப் போகாதே. உன் கோபம் எனக்குத் தெரியும்.

ரசீது மேசைக்கு வராமல் பணத்தை வெளியே எடுக்காதே. ரசீது தரவில்லையென்றால் நீ கொடுக்க வேண்டியதில்லை என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருப்பார்கள்.

இரண்டாம் ராத்திரி துறைமுகத்தை ஒட்டிய லதாதிகா. நீ எண்ணெய்ப் பீப்பாய் உருட்டிய கிடங்குகளைத் தேடாதே, எல்லாம் மதுக்கடையாகிவிட்டது. நடந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடைக்குள் நுழையாதே. மலிவு விலை எழுதிய விஸ்கியைத் தொடாதே. அதற்கு இங்கே குண்டு என்று பேர், மறுநாள் காலையில் தலைக்குள் வெடிக்கும். பெரிய மேடை போட்டுப் பூத்தட்டு விற்கிற இடங்களும் உண்டு, பாடுகிறவர்மேல் வீசுவதற்கு. ஸ்தமாத்தியா ஆசைப்பட்டால் ஒரு தட்டு வாங்கிக் கொடு, இரண்டாவது வேண்டாம்.

முக்கியமானது இது. துறைமுகப் பக்கம் தனியாக நடந்தால், நன்றாக உடுத்திய ஒருவன் நேரம் கேட்பான். எந்த ஊர் என்பான். மெல்போர்ன் என்றதும் அவனுக்கு அங்கே ஒரு சித்தப்பா முளைத்துவிடுவார். பக்கத்தில் தெரிந்த கடை, ஒரே ஒரு கிளாஸ் என்று கூட்டிப்போவான். உள்ளே இரண்டு பெண்கள் வந்து உட்காருவார்கள், கதவுப் பக்கம் இரண்டு தடியர்கள் நிற்பார்கள். அங்கிருந்து வெறும் பையோடு வெளியே வந்தவர்கள் எத்தனை பேரை நான் இனாமாக ஓட்டலில் கொண்டுவிட்டிருக்கிறேன் தெரியுமா? ஒரு நோர்வேக்காரர் என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் பள்ளித் தலைமையாசிரியராம்.

டாக்ஸியில் ஏறியதும் மீட்டரைப் பார். பன்னிரண்டு மணிக்குமேல் இரண்டாம் கட்டணம் விழும், அது ஏமாற்று இல்லை. மீட்டர் கெட்டுப்போச்சு என்று ஒருவன் சொன்னால் இறங்கிவிடு. நான் சொன்னேன் என்று சொல், என் பேர் இன்னும் கொஞ்சம் செல்லும்.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது. நாம் ராத்திரி சுற்றிய காலத்தில் ஏமாற்ற நம்மிடம் என்ன இருந்தது? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு, அதுவும் உன் மாமாவுடையது. கோட்டு இல்லாதவனை நல்ல கடைகளில் உள்ளே விடமாட்டார்கள். நீ அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் மூன்று பாட்டு கேட்பாய், நான் நடைபாதையில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். பிறகு நீ வெளியே வருவாய், நான் உள்ளே போவேன். உன் தம்பி பாவ்லோஸும் சேர்ந்துகொண்ட பிறகு ஆளுக்கு இரண்டு பாட்டுதான். அந்தக் கோட்டின் கை அவனுக்கு விரல்நுனி வரை தொங்கும். வாசல்காரன் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டு, "மூணு பேரா வர்றீங்களா, இல்ல கோட்டு மட்டும் தனியா வருதாடா?" என்று கேட்டு மூவரையும் உள்ளே விட்டான். விடிகிறபோது ஒரு கிண்ணம் குடல் சூப்பை மூன்று கரண்டி போட்டுக் குடித்துவிட்டுக் கடற்கரையோரமாக நடந்து வீட்டுக்குப் போவோம். அவ்வளவு சந்தோஷம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, என் மனைவி இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள்.

மூன்றாம் ராத்திரி சனிக்கிழமை. இதுதான் நான் சொல்ல வந்தது. மேல் நகரத்தில், கோட்டைச் சுவருக்குக் கீழே, ஃபோத்திஸின் மதுக்கடை இன்னும் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், மகள் மரிகா நடத்துகிறாள். சனிக்கிழமைகளில் இப்போதும் பூஸூகித் தந்தி மீட்டி வாசிக்கிறார்கள், பழைய பாட்டுகள்தான். இந்த ஊரில் ஒரு ராத்திரிதான் கிடைக்கும் என்று யார் கேட்டாலும் நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

ஸ்தமாத்தியா ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவள், அவளிடம் ஒன்று சொல்லிவை. உங்கள் மெல்போர்ன் கல்யாணங்களில் எல்லோரும் கும்பலாக எழுந்து ஆடுகிறார்களாம். இங்கே அந்தக் கனமான ஒற்றை ஆள் ஆட்டத்துக்கு அது ஆகாது. ஒருவன் தன் துக்கத்துக்கென்று ஒரு பாட்டைச் சொல்லி வாசிக்கச் செய்து எழுந்தால், அந்தப் பாட்டு முடியும்வரை தளம் அவனுடையது. வேண்டியவர்கள் சுற்றி மண்டியிட்டுக் கைதட்டலாம். கூட ஆட எழுந்தால் அது அவமானம். இதற்காகக் கத்திக்குத்தே நடந்திருக்கிறது.

அவளுக்கு நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், ஏன் அனெஸ்திஸோடு பேசுவதில்லை என்று. பாவ்லோஸின் நாற்பதாம் நாள் பூசை முடிந்த ராத்திரி. கப்பல் மூழ்கி உடல்கூடக் கிடைக்கவில்லை. நீ ஃபோத்திஸிடம் அவன் பேரில் ஒரு பாட்டுச் சொன்னாய். எழுந்து கையை விரித்தாய். இரண்டாவது அடி தொடங்கும்போது நான் எழுந்து வந்து உன் எதிரே நின்றேன். வாத்தியம் நின்றுவிட்டது. "என் தம்பிக்கு நான் ஆடுறேன், நீ யாருடா குறுக்க?" என்று கேட்டாய். நீ கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாய். ஐந்து மாதத்தில் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டாய்.

நீ தடுமாறி விழப்போனாய், பிடிக்கத்தான் எழுந்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன், பாவம், நம்பினார். அது பொய், இயோர்தானிஸ். உன் கால் தடுமாறவே இல்லை.

பாவ்லோஸைக் கப்பலில் சேர்த்துவிட்டது நான்தான். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் என் மாமா இருந்தார், நான்தான் அவருக்குச் சிபாரிசுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நீ அவனைக் கடலுக்கு விடமாட்டாய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அண்ணன்கிட்ட சொல்லிராத, அனெஸ்தி. முதல் சம்பளத்துல அவனுக்கு ஒரு கோட்டு வாங்கி அனுப்பிட்டு நானே சொல்லிக்கறேன்" என்றான். எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. செய்தி வந்த பிறகு, அவனைக் கப்பலேற்றினவன் யாரென்று தெரிந்தால் கையை ஒடிப்பேன் என்று நீ ஒவ்வொரு ராத்திரியும் சொல்வாய். நான் உன் கிளாஸில் மது ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பாட்டு தொடங்கியபோது என்னால் உட்கார முடியவில்லை. உன்னை அவமானப்படுத்த நினைக்கவில்லை. எனக்கு அழ வேறு இடம் இல்லை, நீ ஆடிய இடத்துக்கே வந்துவிட்டேன். அன்றே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். உன் கைக்குப் பயப்படவில்லை, உன் முகத்துக்குத்தான் பயந்தேன்.

இதை நேரில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால், தெரியாமல் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டோமே என்று நீ பிறகு நொந்துகொள்வாய். அதனால் முன்கூட்டியே எழுதிவிட்டேன். இனி வருவதும் வராததும் உன் இஷ்டம். வரப் பிடிக்கவில்லையென்றால் மற்ற மூன்று ராத்திரிக்கும் நான் சொன்னதெல்லாம் அப்படியே செல்லும், தைரியமாகச் சுற்றுங்கள். நாலாம் ராத்திரி கடற்கரையோரம் நடந்தாலே போதும், அதற்குக் காசே கிடையாது.

ஸ்தமாத்தியாவுக்கு என் வணக்கம். மேலே போர்த்த ஏதாவது எடுத்துவரச் சொல், செப்டம்பரில் கோட்டைப் பக்கம் காற்று ஏறும். உங்கள் விமானம் சுகமாக வந்து இறங்க வேண்டும், மாதா உங்களைக் காக்கட்டும்.

மரிகாவிடம் அந்தச் சனிக்கிழமைக்குப் பாவ்லோஸ் பேரில் ஒரு பாட்டு சொல்லிவைத்திருக்கிறேன். பதினோரு மணி சுமாருக்கு வாசிப்பார்கள். இந்த முழங்காலோடு நான் எழுந்து நிற்பேன். அன்று கேட்காமல் எழுந்தேன், இப்போது கேட்கிறேன்: என் பாட்டு நடக்கும்போது நீயும் எழுந்து வா. யாராவது முறைத்தால் முறைக்கட்டும். வந்து என்னோடு ஆடினாலும் சரி, அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்தாலும் சரி. கதவைத் திறந்துகொண்டு மட்டும் போய்விடாதே, இயோர்தானிஸ்.

இப்படிக்கு,
உன்
அனெஸ்திஸ்