சேந்தன் கேட்ட சிவலைக் கன்று

நலம் சூழ்க. மலை ஏழும் மடு ஏழும் தன் கொடிக்கீழ்க் கொண்ட வெண்பாறை நாட்டு மன்னர்பிரான் நற்பேறனாரின் திருவடி தாங்கி, ஆநிரை அமைச்சுப் பூண்ட மருதநம்பியாகிய யாம், கீழைவாயில் காவல் தொழுவத்துத் தலைவர் விடங்கனார்க்கு விடுக்கும் ஓலை. நும் குடியும், நும் பொறுப்பில் நிற்கும் வாயில்லா உயிர்களும் நோயின்றி வாழ்க.

கடந்த கார்காலத்தில் மேட்டுப்புலத்தில் கோமாரி கண்டபோது, நோய் தீண்டிய மாடுகளையெல்லாம் கொன்று புதைக்க ஆணையிட்டவர் யாமே. பறிகொடுத்த ஆயர்க்குத் தலைக்குத் தலை கீழ்நாட்டுக் கறவைகளை அரண்மனைப் பட்டியிலிருந்து ஈடாக அளித்தவரும் யாமே. நோய் காணாத கன்றுகளை ஆறு திங்கள் நும் தொழுவத்தில் அடைத்து, அவற்றுக்கும் ஈடு கொடுத்தாயிற்று ஆதலால் பிழைப்பவை அரசர்க்கே உரியன என விதித்தோம். ஒருவர்க்கும் குறை வையாத விதி என்று அன்று நெஞ்சு நிமிர்ந்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேட்டுப்புலத்து ஆயன் சேந்தன் ஈடு பெற்றவருள் ஒருவன். மனைவியை முன்னமே இழந்தவன். அண்டைக் குடிகள் நோய்க்கு அஞ்சிக் கீழிறங்கிவிட, அம்மேட்டில் இன்று அவன் அடுப்பு ஒன்றே புகைகிறது. அப்புலத்து ஆயர் கோல் ஓங்கி மாடு மேய்ப்பதில்லை. ஒவ்வொருவர்க்கும் தனித்த கூவல் உண்டு. கன்று தாயோடு நின்று அதைக் கற்கும், கேட்டால் எக்காட்டிலிருந்தும் வரும். யாம் அளித்த கறவைகளோ கோலுக்குப் பழகியவை. சேந்தன் பொழுது சாயும்தோறும் கூவினான். ஒன்றேனும் தலை திருப்பவில்லை. சில நாள் கூவிப் பார்த்து, பின் வாயை மூடிக்கொண்டான். ஓடியோடி மடக்கிப் பட்டியில் அடைத்துவிட்டு, பேச்சுத் துணைக்கு ஈ காக்கை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவ்வழி சென்ற எம் தூதர் சொன்னார். கேட்க எமக்கு மனம் பொறுக்கவில்லை.

நேற்று அவன் அக்கறவைகள் அனைத்தையும் ஓட்டிக்கொண்டு, ஆறு நாள் நடந்து அவைக்கு வந்தான். பாலுக்குக் குறையில்லை என்றும், அரசர்மேல் வருத்தமும் இல்லை என்றும், இவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நும் தொழுவத்திலுள்ள தன் செந்நிறச் சிவலைக் கன்று ஒன்றைத் தந்தருள வேண்டும் என்றும் விண்ணப்பித்தான். முன்பே நும் வாயிலுக்கு வந்து கேட்டானாம். அடையாளச் சூடு இடாத சிவலைக் கன்றுகள் நூறு நிற்கையில் அவனுடையதை எவ்வாறு அறிவது என நீர் வினவ, கூவிக் காட்டுவதாக அவன் சொல்ல, காவலர் சிரித்து விரட்டினராம்.

ஆதலின் ஆணையாவது: ஈடாகத் தந்த கறவை ஒன்றையும் திரும்பக் கொள்ளலாகாது. இவ்வோலை கொணர்பவன் சேந்தனே. அவனை வாயிலில் நிறுத்திக் கூவச் செய்க. வரும் கன்று அவனுடையது. சூடும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். சிரித்த காவலர் அவ்வமயம் வாய் திறவாது நிற்க. இது மன்னர்பிரான் வாய்மொழி; பிறழ்ந்தால் நும் பதவி நில்லாது. ஏறு பொறித்த இலச்சினை இட்டோம்.

இலச்சினை இட்டபின் எழுதுவது: அவையில் எம் முன் கூவிக் காட்டச் சொன்னோம். அவனால் இயலவில்லை. பல திங்களாகக் கூவாத தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. தலை குனிந்து நின்றான். நும் வாயிலிலும் முதலில் அவ்வாறே ஆகக்கூடும். குரல் வரும்வரை கதவைச் சாத்தாதிருப்பீராக.