மூன்று கட்டத்திலும் ஒரே எண்

மார்ச் 9

சரக்கெண்ணெய் இறக்கி முடிந்தது. ஒரு வாரத்தில் பன்னிரண்டு டாங்கிகளையும் கழுவி, காற்றேற்றி, அடுத்த துறைமுகத்தில் பரிசோதகரிடம் காட்ட வேண்டும். பம்ப்மேன் என்றால் பம்புக்குப் பக்கத்தில் நிற்கிற உத்தியோகம் என்று வீட்டில் நினைப்பு. இந்தக் கப்பலில் வால்வு, குழாய், டாங்கிக் காற்றை அளக்கிற மீட்டர், எல்லாம் என் தலையில்தான்.

மச்சானுக்கு இது முதல் எண்ணெய்க் கப்பல். பத்து வருஷம் கரியும் கோதுமையும் ஏற்றுகிற கப்பல்களில் ஓடியவன், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பன். புறப்படும்போது என் மனைவி அவன் காதில் விழும்படியே சொன்னாள்: "என் தம்பியை எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே கூட்டிட்டு வரணும்." சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11

டெக் ஆட்களுக்கு மேஸ்திரி போசன். இன்று மச்சானின் பையைத் தடவினார். லைட்டர்! அத்தனை பேர் முன்னால் ஓங்கி ஓர் அறை. உதடு கிழிந்து ரத்தம்.

"கரிக்கப்பல்னு நெனச்சியாடா? ஒரு பொறி போதும், இருபத்திரண்டு பேருக்கும் சமாதி!"

தப்பு மச்சான்மேல்தான். தெரியும். ஆனாலும் என் கை கேட்கவில்லை. போசன் வாயில் ஒரு குத்து விட்டேன். அவர் என் கழுத்தைப் பிடித்துக் கம்பியில் சாத்தி, முட்டியால் வயிற்றில் இரண்டு கொடுத்தார். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

"எனக்காக எதுக்கு மாமா அடி வாங்கறீங்க?" என்றான் மச்சான்.

"உனக்காக யாருடா வாங்கினா? உங்கக்காவுக்குப் பயந்து வாங்கினேன்."

மார்ச் 12

போசனோடு பேச்சில்லை. சோறு இறங்கினால் வயிறு வலிக்கிறது.

மார்ச் 14, காலை டீ நேரம்

ஐந்தாம் டாங்கியின் அடியில் கிடக்கிற கசடை அள்ள இன்று ஆள் இறங்குகிறது. அதற்குமுன் உள்ளே காற்றை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அளந்து தாளில் எழுத வேண்டும். சீஃப் ஆபீசர் அளக்க வேண்டியது; மீட்டரை என்னிடம் தள்ளிவிட்டு ஏசி அறைக்குப் போய்விட்டார். மேலே ஆக்சிஜன் 20.9 சதவீதம். நல்ல காற்று. அடிவரை விடுகிற நீளக் குழாய் சிக்கலாகிக் கிடந்தது. பிரித்துக்கொண்டிருந்தபோது போசன் வந்தார்.

"மூணு எடத்துலயும் பாத்தியா?"

மூன்று நாளில் முதல் பேச்சு, அதுவும் அதிகாரம்! பற்றிக்கொண்டு வந்தது. "என் வேலையை எனக்கே சொல்லித் தர்றியா? போய் உன் வேலையைப் பாரு!"

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். குழாயை மூலையில் எறிந்துவிட்டு, மூன்று கட்டத்திலும் 20.9 என்று எழுதினேன். சீஃப் ஆபீசர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நேற்று முழுக்கக் காற்றாடி ஓடியிருக்கிறது. அடியில் மட்டும் என்னவாம்?

மார்ச் 14

மச்சான் போய்விட்டான்.

மார்ச் 15

முதலில் இறங்கியவன் அவன்தான். கடைசிப் படியைத் தாண்டியதும் கால் மடங்கிக் குப்புற விழுந்தான். டார்ச் அடித்தேன். முதுகு தெரிந்தது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன் — அசையவில்லை.

நான் ஏணியில் கால் வைத்துவிட்டேன். போசன் காலரைப் பிடித்து இழுத்தார். அவர் கையைக் கடித்தேன், வாயெல்லாம் ரத்தம். ஹெல்மெட்டைக் கழற்றி என் முகத்தில் அடித்தார். இரண்டு பல் போயிற்று. கீழே தள்ளி மார்பில் முட்டியை ஊன்றினார்.

"போகாதடா! போனா நீயும் பொணம்!"

என்மேல் உட்கார்ந்தபடியே மற்றவர்களை ஏவினார். மூச்சு சிலிண்டர் மாட்டி இரண்டு பேர் இறங்கி, கயிறு கட்டித் தூக்கப் பதினேழு நிமிஷம். பதினேழு! நான் போயிருந்தால்? பாவி, என்னை விட்டிருந்தால்? போசன்தான் கொன்றான். அவனை விடமாட்டேன்.

மார்ச் 16

பெரிய ஸ்பானரோடு போசன் அறைக்குப் போனேன். தோளில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் கையை ஓங்கவில்லை.

"இன்னும் வேணும்னா அடி," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "மூலையில குழாய் சிக்கு பிரிக்காமக் கெடந்துது. நேத்து நான் வேற குழாய் விட்டுப் பாத்தேன். அடியில நாலு."

நாலு என்றால் இரண்டு மூச்சு. மூன்றாவது இல்லை.

அவருக்குக் கட்டுப் போட ஆளைக் கூப்பிட்டது நான்தான் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகமில்லை.

மார்ச் 18

கேப்டன் கதவைச் சாத்திவிட்டு டைப் அடித்த தாளை நீட்டினார். அதில் இருந்தது: போசனுக்கு மச்சான்மேல் பகை, அறைந்தார், காப்பாற்றப் போன என்னையும் அடித்துத் தடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுடுங்க. எல்லாம் போசனோட போயிடும். உங்க பேரு வராது."

பகையைத் தவிர மற்றதெல்லாம் நடந்ததுதான். பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். நாளைவரை டைம் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 19

துறைமுகம். மச்சானைப் பெட்டியில் இறக்கினார்கள். தாளைக் கிழித்து கேப்டன் மேஜையில் போட்டேன். சீஃப் ஆபீசர் என் கன்னத்தில் அறைந்தார். திருப்பி அடிக்கவில்லை. கரையிலிருந்து வந்த விசாரணை அதிகாரியிடம் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன்: மேலே மட்டும்தான் அளந்தேன், மற்ற இரண்டும் நானாக எழுதியது. போசன் தோளையும் சேர்த்தே எழுதினேன்.

மார்ச் 20

வீட்டுக்குப் போன் போட்டேன். அவளுக்கு அழுதழுது குரலே இல்லை.

"அந்த போசன்தான் உங்களை விடலையாமே? கம்பெனிக்காரங்க சொன்னாங்க. அவன் நாசமாப் போக!"

"அவரைத் திட்டாத."

"பின்ன யாரைத் திட்டறது?"

சொன்னேன். குழாயை எறிந்ததையும், எண்ணை எழுதியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தம்பி பொண்டாட்டி பக்கத்துலதான் உக்காந்திருக்கா," என்றாள். "இதையே அவகிட்டயும் சொல்லுங்க."

போன் கை மாறியது.

"சொல்லுங்கண்ணா," என்றாள் அவள்.