வியாழனுக்குள் இரண்டு திரை

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையில் வெயில், பின்னேரம் இடி. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

வியாழன் காலை சோதனை. எனக்கில்லை, அம்மாவுக்கு! முன்பு வேலை பார்த்த அலுவலகத்தை மூடிய நாளிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். இப்போது அவுஸ்திரேலியாவில் ஒரு கணக்குக் கம்பனி கூப்பிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை. ஒரு திரையில் பற்றுச்சீட்டு, மற்றத் திரையில் கணக்கு, ஒப்பிட்டுப் பிழை பிடிக்க வேண்டும். இரண்டு திரை கட்டாயம்.

இருப்பவை: சின்ன மாமா கனடாவிலிருந்து என் படிப்புக்கு அனுப்பிய குட்டிக் கொம்பியூட்டர், சாப்பாட்டுப் பெட்டியளவு. ஒரு மொனிட்டர். மேல்மாடி அன்ரியிடம் இன்று இரவல் வாங்கிய இன்னொன்று.

இல்லாதது: அந்த இன்னொன்றைக் கொழுவ ஓட்டை. பின்பக்கம் கரண்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று. முடிந்தது.

மாமாவின் பெட்டியில் ஒரு கறுப்பு வயரும் இருந்தது. அதன் ஒரு நுனி எதிலும் பொருந்தவில்லை. அம்மா பழையபடி சுற்றி, பெட்டியோடு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். வெளிநாட்டுப் பெட்டியை எறியும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு நேரே அப்பாவுடன் பம்பலப்பிட்டி கொம்பியூட்டர் கடைக்கு. காலி வீதி முழுக்கத் தீபாவளிச் சனம். பஸ்ஸில் யாரோ என் காலை மிதித்தார்கள்.

கடைக்கார நானா, ஒரு வாயை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். "இதப் போட்டா ரெண்டென்ன மகள், நாலும் ஓடும்."

ஓடியது. இரண்டு திரையும் ஒளிர்ந்தன, அப்பா கைதட்டினார். மவுஸை அசைத்தேன். இரண்டிலும் அசைந்தது. ஒரே படம், இரண்டு தரம்!

அப்பா: "ரெண்டிலயும் தெரியுதுதானே? பிறகென்ன?"

அம்மா: "ஒரு கண்ணுக்கு ஒண்டெண்டு நினைச்சிட்டியளோ?"

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடாத மழை. சப்பாத்து ஈரம். கணிதப் பாடத்தில் கவனமில்லை என்று மிஸ் ஏசினார். உண்மைதான்.

ஸ்பிளிட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "பெக்கட்ட உடச்சிட்டீங்களே மகள்." அப்பா கடையில் நின்ற மற்ற விற்பனையாளரிடம் சிங்களத்தில் கேட்டார். அந்த மொழியிலும் அதே பதில்.

கொம்பியூட்டரோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். திரைகளைக் கொழுவப் பின்பக்கம் இரண்டு வாய் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எங்களுடையதில் ஒன்றுதான். ஆகவே இது வேறு மாடலின் கையேடு. இப்படியா கவனமில்லாமல் அனுப்புவார்கள்! மாமாவுக்கு எழுதினேன். குரல் பதிவில் பதில் வந்தது: "ஓஃப் பண்ணித் திருப்பி ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ?"

பார்த்தோம் மாமா. பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

அம்மா ஒரு திரையிலேயே பழகிப் பார்த்தார். பற்றுச்சீட்டைப் பார்ப்பார், இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கணக்குப் பக்கத்துக்கு மாறுவார். அதற்குள் அப்பா இடியப்பத்துக்குச் சம்பல் எங்கே என்று கேட்டார். இலக்கம் போய்விட்டது.

"உங்கட சம்பலும் நீங்களும்!"

பிறகு மெதுவாக, "சரிவராது பிள்ளை. வியாழக்கிழமை ஏலாதெண்டு எழுதிப் போடுவம்."

நான் எழுத விடவில்லை. ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கையேட்டைச் சுவரில் எறிந்தேன். புத்தகம் எறிந்தது இதுதான் முதல் தரம். எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஒக்டோபர் 15, புதன்

புழுக்கம். பழகிக்கொண்டிருக்கும்போதே கொம்பியூட்டர் தானாக நின்றுவிட்டது. மறுபடி போட்டோம், மறுபடி நின்றது. தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

அதற்கு ஒரு கவர் போட்டிருக்கிறது. இதுவரை எழுதவில்லை, எழுத வேண்டும் என்று தோன்றவுமில்லை. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, ரிமோட் எல்லாமே உடுப்புப் போட்டிருப்பவை. வீட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் கடல், உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்துவிடும். இது வந்த அன்றே அம்மா நீலப் பூத்துணியில் இறுக்கமாக ஒன்று தைத்து, கொழுவியிருந்த வயர்களுக்கு மட்டும் அளவாக வெட்டியிருந்தார்.

"அம்மா, அது மூச்சு விடேலாமல் நிக்குது. கழட்டுவம்."

"நாளைக்குச் சோதினையை வச்சுக்கொண்டு உப்புக்காத்தில..."

"அம்மா!" கத்திவிட்டேன்.

தலையணை உறையை உருவுவதுபோல உருவினார்.

திரை வயரின் பக்கத்தில், துணி மறைத்திருந்த இடத்தில், சின்னக் கறுப்பு மூடி. நகத்தால் கிளப்பினேன். உள்ளே இன்னொரு வாய். கையேட்டில் படம் போட்டிருந்த அதே வாய்.

ரயில் ஒன்று போய் முடிந்தது. அப்பா கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து அந்தக் கறுப்பு வயரை எடுத்தார். பொருந்தாத நுனி பொருந்தியது. மற்றது அன்ரியின் மொனிட்டருக்கு. இரண்டு திரை, இரண்டு படம்.

அப்பா: "அப்ப கொம்பியூட்டர்க் கம்பனிக்காரன் பிழையில்லை."

அம்மா: "வாயைத் திறந்தியளெண்டால் நாளைக்கும் சம்பல் இல்லை."

ஒக்டோபர் 16, வியாழன்

காலை: மவுஸை வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கத் திரையில் வருகிறது. கையேடு 31ஆம் பக்கம், மாற்றலாம். ஆனால் பள்ளிக்கூட வான் கீழே ஹோன் அடிக்கிறது. நான் பக்கம் புரட்டுவதற்குள் அம்மா இரண்டு மொனிட்டரையும் தூக்கி இடம் மாற்றி வைத்துவிட்டார். சரிவந்தது.

பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று தெரியாது.

பின்னேரம்: கதவு திறந்தபோது அம்மாவின் முகம் சாதாரணமாக இருந்தது.

"ஒரு பிழையை விட்டிட்டன். மிச்சமெல்லாம் பிடிச்சிட்டன். திங்கக்கிழமை துவங்கட்டாம்."

நான் கட்டிப்பிடித்தேன். அம்மா கையில் கத்தரிக்கோல், கவனம் கவனம் என்றார். மடியில் நீலப் பூக் கவர். துணியில் கோடு போடும் சோக்கை என்னிடம் தந்தார். "எல்லா ஓட்டையையும் இண்டைக்கே காட்டு. ஒண்டும் விடாத."

கையேட்டை விரித்து வைத்துக் குறித்தேன். கரண்டு, திரை இரண்டு, மவுஸ், முன்பக்க வாய்கள், காற்றுப் போகும் பக்கங்கள் இரண்டும், மேல்பக்கமும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இவ்வளவையும் வெட்டினா கவர் எங்கயப்பா மிஞ்சும்?"

"இந்தப் பூ மிஞ்சும்," என்று அம்மா வெட்டத் தொடங்கினார்.