இருண்ட திரையும் சேந்தாற்றுப் படையும்

வெண்ணெற்பாடி நாட்டின் பதினெட்டு ஏரிகளுக்கும் நாற்பது ஊர்களுக்கும் காவல் பூண்ட பொன்னாழி மாதேவி, சேந்தாற்றுத் துறையில் படையோடு தங்கியிருக்கும் தம் இளவல், படைத்தலைவர் எயிற்கோனுக்குத் தம் கையாலேயே எழுதும் ஓலை. உம் வாள் நலம் பெறுக. அதனினும் உம் செவி நலம் பெறுக. நம் மகள் நறுங்கோதை மருமகளாய் வாழும் கானலூர் நாட்டுக்கும் அதன் மன்னர்க்கும் மழை குறையாதிருக்கட்டும். பகைவர்க்கு வாழ்த்தா என்று முகம் சுளிப்பீர். சுளித்தபடியே முடிவுவரை படியும்.

நாளை உச்சிப்பொழுதில் ஆற்றைக் கடப்பதாகச் சொல்லி அனுப்பினீர். கடக்க வேண்டாம். காரணத்தை ஒரே வரியில் சொன்னால் அக்காள் மனம் தளர்ந்தாள் என்பீர். ஆகையால் முழுவதும் சொல்கிறோம்.

ஏழு திங்களாக ஒரு சொல்லும் அனுப்பாத மகளிடமிருந்து ஓர் ஒளித்தட்டு வந்தது. அவை முழுதும் காண்க என்று அவள் கையெழுத்தே அதன்மேல் இருந்தது. அவை கூடியது. நாம் உறுப்பு உறுப்பாகக் கோத்த கணிப்பொறியில் அதை இட்டோம். கானலூர் முத்திரை ஒரு கணம் தெரிந்தது. பிறகு திரை இருண்டது. எழுதா ஓலை அனுப்பினால் உறவு அறுந்தது என்பது இரு நாட்டு வழக்கமல்லவா? இதுவும் எழுதா ஓலையே என்று ஊர்த்தலைவர்கள் எழுந்து கூவினார்கள். மகள் இறந்தாளோ, சிறைப்பட்டாளோ என்று நாமும் அஞ்சினோம். அன்றே படை புறப்பட விடை கொடுத்தோம். அன்று முதல் நமக்கு இருப்பும் கொள்ளவில்லை, நடப்பும் கொள்ளவில்லை.

இன்று காலை, உறக்கமற்ற கண்ணோடு, அவளுடைய திருமணத் தட்டை எடுத்து இட்டோம். சென்ற திங்கள் தெளிவாக ஓடிய அதே தட்டு. அதுவும் இருண்டது! தம்பி, எண்ணிப் பாரும். ஓடிய தட்டே ஓடவில்லையென்றால், இருள் தட்டில் இல்லை. நம் பொறியில் இருக்கிறது.

தட்டில் படம் நேராக எழுதப்படுவதில்லை; பிறர் படியெடுக்காதபடி கலைத்து எழுதப்படுகிறது. அதைச் சேர்த்துப் படிக்கும் சாவியில் ஒரு பாதி தட்டிலும், மறு பாதி நம் பொறியில் படம் ஓட்டும் மென்பொருளிலும் இருக்கும். இடையே தட்டைச் சுழற்றும் பெட்டி வாயிற்காவலனைப் போல நிற்கிறது. யார் நீ, உன் சாவி நல்லதா என்று அது மென்பொருளைக் கேட்கும். தள்ளுபடியான சாவிகளின் பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு. வியப்பு என்னவென்றால், அந்தப் பட்டியல் புதிய தட்டுகளின் மேலேறியே வருகிறது. புதிய தட்டு ஒன்றை உள்ளே விட்டால் போதும். பெட்டி புதுப் பட்டியலைப் படித்து மனத்தில் நிறுத்திக்கொள்ளும். தட்டை எடுத்துவிட்டாலும் மறக்காது. எவ்வளவு அழகான ஏற்பாடு, எவ்வளவு பொல்லாத ஏற்பாடு!

அவை கூடிய நாள் காலையில், இவ்வாண்டுக் கானலூர்ப் படகுப்போட்டித் தட்டை இட்டுப் பார்த்தோம். ஓடவில்லை. கீறல் என்று எண்ணித் துடைத்தோம், ஊதினோம், ஒதுக்கினோம். அது கீறலன்று. நம் மென்பொருளின் சாவியை எவனோ எங்கோ திருடிவிட்டதால் அது தள்ளுபடியாகியிருக்கிறது; அந்தச் செய்தியைக் காவலன் காதில் ஓதியது அந்தத் தட்டே. மகளின் தட்டு வெறுமையன்று. கோப்புகளின் பெயரும் அளவும் பூட்டப்படுவதில்லை, பார்த்தோம். இரண்டு நாழிகை ஓடக்கூடிய படம் அதில் இருக்கிறது. இரண்டு நாழிகை அவள் ஏதோ பேசுகிறாள், நாம் கேட்கவில்லை.

வேறு பொறியில் பார்க்கலாமே என்பீர். கானலூரார் மணச்சீராக அனுப்பிய, தட்டை இட்டால் தானே படம் ஓட்டும் ஆயத்தப் பெட்டி, உள்ளே எப்படி ஓடுகிறது என்று காண நாம் பிரித்ததால், பதினொரு தாம்பாளங்களில் கிடக்கிறது. கடையில் வாங்கிய பெட்டி பாடும், அக்காள் கோத்த பெட்டி முக்கும் என்று நீர் அவையில் நகைத்ததை இன்று ஒப்புக்கொள்கிறோம். பூட்டை உடைக்கும் மென்பொருள் தன்னிடம் இருப்பதாகவும், கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடியும் என்றும் பொறிக்கூடத்துச் சாத்தந்தை விண்ணப்பித்தான். மறுத்தோம். ஒருவர் முத்திரையை மற்றவர் உடைப்பதில்லை என்று மணநாளில் கையெழுத்திட்டோம். நாம் உடைத்தால், இல்லாத பகைக்கு நாமே காரணம் தந்தவராவோம்.

செய்யத்தக்கது ஒன்றே. நம் மென்பொருளைச் செய்த கானலூர்ப் பட்டறை நமக்குப் புதுச் சாவி தர வேண்டும். அது கம்பிவழி வருவது வழக்கம். துறையில் இருந்த கம்பியை நீர் அறுத்துவிட்டீர். ஆகவே கையால் வாங்கி வர வேண்டும். தூதன் போனால் வேவு என்பார்கள். படை கொண்டுவந்தவரே வாளின்றிப் போனால் நம்புவார்கள்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நமக்குத் தெரியாது. துன்பம் என்றால், முதல் படகில் நாமே வருவோம். உம்மைத் தடுக்கவும் மாட்டோம். ஆனால் அவள் முகத்தைக் காணும் முன்னே அவள் ஊரில் தீ வைக்க ஒப்போம்.

ஆகவே நம் ஆணை: படை துறையிலிருந்து ஒரு காதம் பின்வாங்குக. நீர் ஒரே படகில், ஒரு படகோட்டியோடு, ஆயுதமின்றிக் கடந்து, இந்த ஓலையையே கானலூர் மன்னர் கையில் கொடுத்து, சாவியைக் கேட்டு வாங்குக. கேட்கும்போது நம் பொறி பழுது என்று சொல்லுக. அதைக் கோத்தவர் என்று நம் பெயரையும் சொல்லுக. இடையில் காவலர் எவரும் படிக்கலாம் என்பதற்காக இதை மடித்து அரக்கிடாமல், எழுத்தின் அடியில் மட்டும் நம் ஆழி முத்திரையை ஒற்றித் திறந்தபடியே விடுத்தோம்.