கல்யாண வாரத்தில் அடைத்த குழாய்

1971 அக்டோபர் 25, திங்கள்

காலையிலிருந்து மழை. பந்தல்காரன் வரவில்லை. வெள்ளிக்கிழமை நாத்தனார் லலிதாவுக்குக் கல்யாணம், வீட்டோடு. ரவிக்கை, ஜமக்காளம், வாழைமரம் எல்லாம் பாக்கி.

மத்தியானம் தண்ணீர் சாம்பிள் எடுக்க நொச்சிக்குப்பம். கார்ப்பரேஷன் லேப் வேலையில் எனக்குப் பிடித்ததே இந்தச் சுற்றல்தான். தெருக்குழாய்த் தண்ணீரில் மருந்து விட்டால் மஞ்சளாக வேண்டும். அப்போதுதான் குளோரின் இருக்கிறதென்று அர்த்தம். ஆகவில்லை. மறுபடி பார்த்தேன். நிறமே இல்லை.

குடத்தோடு நின்ற கன்னியம்மா: "இன்னாத்த பாக்கறே? ரெண்டு நாளா நாத்தம். எம் பொண்ணு வாந்தி எடுத்துக்கினு கீது."

காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். "வெறகு ஈரம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து எங்கள் குழாயிலும் பார்த்தேன். நல்ல மஞ்சள். நிம்மதி. உடனே வெட்கம்.

அக். 27, புதன்

குப்பத்துத் தண்ணீரை விட்டு லேபில் வைத்த கண்ணாடிக் குழாய் எல்லாவற்றிலும் வாயுக் குமிழி, கிருமி வளர்ந்ததற்கு அடையாளம். சந்தேகமே இல்லை, சாக்கடை கலக்கிறது.

இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். வால்வு இருப்பது எங்கள் தெருமுனையில். மூடினால் குப்பத்தோடு எங்கள் தெருவுக்கும் தண்ணீர் வராது.

"உங்க வீட்டுக் கல்யாணம் வெள்ளிக்கிழமை இல்லையா? சனிக்கிழமை மூடலாமே."

நல்லதுக்குத்தான் சொன்னார். ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. "இன்னிக்கே மூடிடுங்க சார்." என்றேன்.

சாயங்காலம் மூடினார்கள். மாமியார்: "ஆத்துல கல்யாணத்தை வச்சுண்டு குழாயை அடைக்கச் சொன்னது நீதானா?" கணவரிடம் குப்பத்துக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். "ம்" என்றார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தலைவலி. சாப்பிடவில்லை.

அக். 28, வியாழன்

மழை விட்டது. தோண்டிவிட்டார்கள். சாக்கடைக் குழாயில் விரிசல். ஒட்டினாற்போல் குடிதண்ணீர்க் குழாய், துருப்பிடித்து ஓட்டை. தண்ணீர் விடாத நேரத்தில் அழுக்கை உள்ளே இழுத்திருக்கிறது. குழாய் பிட்டர் ஏகாம்பரம் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "புதுக் குழா போட்டுட்டா முடிஞ்சிச்சு. நாளைக்கு ஆயிடும்மா."

குப்பத்தில் சரியான வசவு. கன்னியம்மா: "நீ பாட்டுக்கு அடைச்சிட்டு பூட்டே. நாங்க கடல்தண்ணியில சோறு பொங்கறதா?" லாரியில் தண்ணீர் வரும் என்றேன். யாரும் நம்பவில்லை.

லாரி வந்தது, எங்கள் வீட்டு வாசலுக்கு. இன்ஜினியர் உபயம். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் டிரைவரிடம்: "குப்பத்துக்குப் போயாச்சா?"

"இல்லம்மா, மொதல்ல கல்யாண வூட்டுக்குன்னாங்க."

"எங்களுக்குக் கிணறு இருக்கு. அங்க ஒரு கொழந்தை வாந்தி எடுத்துண்டு கிடக்காம். நீ அங்க போப்பா."

நேற்று நான் இவரிடம் சொன்னது மாமியார் காதில் விழுந்திருக்கிறது! அடுக்களைக்குள் போய் அழுதேன். பின்னாலேயே வந்தார். "காப்பி ஆறிப்போறது, குடி." அவ்வளவுதான்.

அக். 29, வெள்ளி

கல்யாணம் ஆயிற்று. லலிதா அத்தனை அழகு. ரசத்தில் உப்பு தூக்கல். இவரும் மாப்பிள்ளையின் தம்பியும் விடிந்ததிலிருந்து கிணற்றில் இறைத்தார்கள். இவர் உள்ளங்கையில் கொப்புளம், வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் குழாயை மாற்றி, குளோரின் விட்டுக் கழுவி, திறந்துவிட்டார்கள். பட்டுப்புடவையோடு ரிக்‌ஷா ஏறிக் குப்பத்துக்கு. சொட்டு விட்டால் மஞ்சள்! கன்னியம்மாவின் பெண் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்களாம்.

கன்னியம்மா: "எனுக்கும் சொல்லிக் குடு. தெனம் நானே பாக்கறேன்."

கையில் படாமல் சொட்டு விடக் காட்டினேன். மருந்துப் புட்டி, கண்ணாடிக் குழாய் இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீஸில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நவ. 2, செவ்வாய்

நல்ல வெயில். சாக்கடையும் குடிதண்ணீரும் ஒரே பள்ளத்தில் போகும் தெருக்களை எல்லாம் தோண்டிப் பார்க்க இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். முதலில் பட்டினப்பாக்கம். ஏகாம்பரத்துக்கு ஏக குஷி.

லேப் வாசலில் கூச்சல். எட்டிப் பார்த்தால் கன்னியம்மா, பின்னால் குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர். கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனிடம் சண்டை:

"மஞ்ச கொறஞ்சி கீதுய்யா. அந்தம்மாவ கூப்புடு. இன்னிக்கே பாக்கணும்."

சாம்பிள் பெட்டியோடு கிளம்புகிறேன்.