ஆறு தட்டு

வியாழன், காலை

என் நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள்: மாமா, உன் அண்ணன், நான், நீ, உன் மகள் சில்வண்டு. ஆக ஐந்து பேர். நேற்று சுகாதார ஆய்வாளர் வாசலில் நின்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். மாமா இருமுவதைப் பார்த்து, யாராவது விசாரித்தால் நீ வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று கிளம்பும்போது கையைப் பிடித்துக் கேட்டாய். மறக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு, உன் அப்பாவுக்கு, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். நோய் இன்னும் யார் யாரைத் தொட்டிருக்கிறதோ. தினமும் கடவுள் முன்னால் கைகூப்புகிறவள் எந்த வாயால் பொய் சொல்ல? எத்தனை பேருக்கு உலை வைத்தேன் என்றுகூட நோட்டில் எழுதி வைக்கிறவள் நான், உனக்கே தெரியும்.

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இரண்டு வீட்டுக்கும் சாமான் கொண்டுவரும் தொண்டர் அம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபம் ஆறியதும் இரண்டு வரி எழுது.

அன்புடன்,
அண்ணி

வெள்ளி

அண்ணிக்கு,

கோபம் எப்படி ஆறும்? என் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்று, "தைச்சது போதும், என் துணியைக் குடு" என்று கத்துகிறாள். எடுத்து நீட்டினால், "ஐயையோ, கிட்ட வராதே" என்று ஓடுகிறாள். நல்ல கூத்து.

அது போகட்டும். ஐந்து பேராம்! அன்றைக்குத் தட்டு கழுவியது யார்? "வைம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றீர்கள். கேட்காமல் நான்தான் கழுவினேன். ஆறு தட்டு. ஆறாவது உங்கள் மகளுடையது. தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்தவள் அவள். பிறகு சில்வண்டை மடியில் போட்டு ஒரு மணி நேரம் பேன் பார்த்தவளும் அவள்தான். மறுநாளே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள் என்று அண்ணன் சொன்னார். உங்கள் பெண்ணுடையது வேலை, என் தையல் மட்டும் விளையாட்டா? உங்கள் கடவுளுக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாதா?

வாயே மூடாத என் மகள் நேற்று மாலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நெற்றி சுடுகிறது.

இனி எழுதாதீர்கள்.

சனி, மதியம்

எழுதாதே என்றாய். ஆனாலும் "அண்ணிக்கு" என்றுதானே ஆரம்பித்தாய், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நோட்டில் ஆறு என்றுதான் இருக்கிறது. வாய்தான் ஐந்து என்றது. இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த வேலை, அவள் போய் மூன்றாம் நாள். உன்னைச் சொல்லும்போது தடுமாறாத நாக்கு, அவளிடம் வந்ததும் ஒட்டிக்கொண்டது. ஆய்வாளர் போனபிறகு ஆறை ஐந்தாக்க ரப்பரால் தேய்த்தேன். பேனாவில் எழுதியது. தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

இன்று காலை உன் கடிதத்தைப் படித்ததும் ஆய்வாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "மூணு நாள் போச்சேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த இல்லத்தில் முதியவர்கள் நாற்பது பேர். எல்லோருக்கும் இப்போது பரிசோதனை நடக்கிறது. இவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடியறையைச் சாத்திக்கொண்டு, "நீ எனக்கு அம்மாவா, அவங்களுக்கு ஆளா?" என்று உள்ளிருந்தே கேட்டாள். தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, இருமுகிறாளா என்று காது கொடுத்து நிற்கிறேன். இதுவரை நான்கு தடவை இருமிவிட்டாள்.

மாமா அப்படியேதான் இருக்கிறார். நம் கதவிலும் புதன்கிழமையே நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பிறகு ஒரு நாள் நேரில் வந்தும் திட்டு.

சில்வண்டுக்குக் காய்ச்சல் எவ்வளவு? வாய் திறந்தாளா? நாளைக் காலை தொண்டர் அம்மா உன் வாசலுக்கு வருவார். அவர் கையில் பதில் கொடுத்துவிடு.

அண்ணி