தகரக் கூரையில் விழுந்த ரப்பர் கொட்டை

என்னங்க,

தோசை மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. நேத்து வச்ச மீன் கறியைச் சுட வச்சுக்குங்க. நான் சாப்பிடல. அங்க எனக்கு நற்கருணை தர மாட்டாங்க, இருந்தாலும் வெறும் வயித்தோடதான் போறேன்.

ஆமா, ஆர்.சி. கோயிலுக்குத்தான். வயசான ஃபாதர் ஒருத்தர் இன்னிக்கு மறுபடியும் லத்தீன்ல பழைய பூசை வைக்கிறார்.

போன ஞாயிறு நம்ம ஆங்கிலிக்கன் கோயில்ல பெஞ்சுக்குள்ள போறப்போ, ஆர்.சி.காரங்க மாதிரி என் முழங்கால் தானா மடங்கிடுச்சு. நீங்க பார்த்துட்டீங்க. அதிலிருந்து என்கிட்ட பேச்சே இல்ல.

நான் இன்னும் மாறிடல. முடிவும் பண்ணல. நமக்குக் கல்யாணம் நடந்த ரெம்பியா எஸ்டேட் கோயில் ஞாபகம் இருக்கா? நற்கருணை நேரத்துல தகரக் கூரையில ரப்பர் கொட்டை விழுந்தாக்கூட கேட்கும். இப்போ நம்ம கோயில்ல நீங்க அலைஞ்சு வாங்கின ட்ரம் செட்டுதான் கேட்குது. ஆர்.சி. கோயில்ல அந்த லத்தீன்ல ஒரு சொல்லும் எனக்குப் புரியல. அந்த அமைதி மட்டும் அங்க அப்படியே இருக்கு.

நம்ம கோயில் பாட்டுக் குழு திலகா வந்தா கிட்டார் புக் டிவி மேல இருக்கு, கொடுத்துடுங்க.

லிடியா

பி.கு. கூட்டிட்டுப் போக வந்தா வெளியே நின்னு ஹார்ன் அடிக்காதீங்க லா. கொஞ்சம் முன்னாடியே உள்ளே வந்து என் பக்கத்துல உட்காருங்க. முழங்கால் மடிக்க வேணாம்.